சாரும் அண்ணனும்

வெளிநாட்டு விமான நிலையத்திலோ ஓட்டல் வரவேற்பறையிலோ ஒரு தமிழ்க் குரல் காதில் விழுந்தால் நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி “எந்த ஊர்?” என்பதுதான். அதைப் பாசமான கேள்வி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்பவர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டியிருக்கிறார், கேட்கப்படுபவர் தரை துடைக்கும் மாப்பைக் கையில் பிடித்திருக்கிறார் என்றால் அப்போதும் அது பாசமான கேள்விதானா?

வேலை நிமித்தமாகக் கடந்த சில ஆண்டுகளில் தோஹாவுக்குப் பலமுறை போய்வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு வாரம். அங்கே தமிழரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அலுவலகத்தில் டீ கொண்டுவருபவர், கட்டட வாசலில் நிற்கும் காவலாளி, எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கோபுரத்தில் சாரம் கட்டுபவர் என்று எங்கும் இருக்கிறார்கள். “எந்த ஊர்ண்ணே?” என்பேன். “திருச்சி பக்கம் சார்” என்று பதில் வரும். நான் அண்ணே, அவர் சார். எத்தனை முறை அண்ணே என்றாலும் அந்த சார் தேய்வதில்லை. அண்ணே என்று கூப்பிட எனக்கு ஒரு காசும் செலவில்லை. சாரைக் கைவிட்டால் அவருக்குச் செலவு வரலாம், ஃபோர்மேன் பார்த்துக்கொண்டிருக்கிறார். உறவுச் சொல்லைத் தேர்ந்துகொள்ளும் வசதி எங்கள் இருவரில் எனக்கு மட்டுமே இருக்கிறது.

“திருச்சி பக்கம்” என்ற பதிலும் யோசித்துச் சொல்லப்படுவதுதான். உண்மையான ஊர் அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அந்நியனுக்குப் பெரிய ஊரின் பெயர் போதும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். நாம்தான் விடுவதில்லை. “திருச்சில எங்க?” “அரியலூர் பக்கம்.” “அரியலூர்ல?” நான்காவது கேள்வியில் தெரு வந்துவிடும், தெரு வந்தால் சாதி வந்துவிடும். ஊர் விசாரிப்பு எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் சிலர் இதை விவரம் தெரியாமல் கேட்கிறார்கள்; பக்கத்தில் நிற்கும் பெற்றோரின் காது பதிலுக்காகக் காத்திருக்கிறது. முதல் பதிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

சரி, ஊர் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு நான் கடமைப்பட்டவனா, எதற்காக? இரண்டு பதில்களை அடிக்கடி கேட்கிறேன். நம் மொழிக்காரர், அதனால் நம் ஆள், உதவ வேண்டும் என்பது ஒன்று. மனிதர் எல்லாரும் ஒன்று, அதில் தமிழன் என்ன, நேபாளி என்ன என்பது இன்னொன்று. (இங்கே ஒரு புறநானூற்று வரியை எடுத்துவிடத் தோன்றும். நம் மேடைகளில் அது படும் பாட்டைப் பார்த்து அதற்கு விடுமுறை கொடுத்திருக்கிறேன்.) இரண்டாவது பதில் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் கடமைப்பட்டவன் பெரும்பாலும் ஒருவருக்கும் எதுவும் செய்யாமல் வீடு திரும்பிவிடுகிறான். முதல் பதிலில் உள்ள சிக்கல் இன்னும் பழையது.

“நம்ம ஊர்க்காரர்” என்ற உறவைக் கொண்டுதான் நம் மக்களைக் கடல் கடத்தினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டிய கங்காணி வெளியாள் இல்லை. அதே வட்டாரத்தவர், பல நேரம் சொந்தக்காரர். அந்த நம்பிக்கையில்தான் முன்பணம் வாங்கினார்கள், அந்த முன்பணம்தான் கடனாகக் கழுத்தில் ஏறியது. இலங்கையில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, எவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் நகர முடியும். 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டை ஒழித்தார்கள். கத்தாரில் ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போகப் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதி 2020இல் நீங்கியது. இரண்டு காகிதங்களுக்கும் இடையே தொண்ணூற்றொன்பது ஆண்டுகள். மலையக வம்சாவளியைச் சேர்ந்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

இன்றும் அப்படித்தான். சாரம் கட்டுபவரிடம் ஏஜெண்ட் யார் என்று கேட்டேன். “சித்தப்பா மச்சான் சார். தெரிஞ்சவர்தான்.” இந்தியச் சட்டப்படி ஆளெடுப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். இவர் கொடுத்தது அதைப்போல் நான்கு மடங்கு. தெரிந்தவர் என்பதால் ரசீது கேட்கவில்லை, தெரிந்தவர் என்பதால் புகாரும் கொடுக்க மாட்டார்.

எனக்கும் அவருக்கும் நடுவே இன்னொரு கோட்டை நாடே போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் இந்தியப் பாஸ்போர்ட்டில், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். ‘இசிஆர்’ என்பார்கள். ஏமாற்றிலிருந்து காப்பதற்கான ஏற்பாடு இது, அந்த அளவில் நியாயமும் உண்டு. 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரலாம் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த மாதமே கைவிட்டது. வரிசையில் நிற்கும்போதே யார் எவர் என்று நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி செய்திருப்பார்கள். நான் அயல்நாட்டுக்கு மேற்படிப்புக்குப் போனபோது என்னிடம் இருந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்தான். என்னை யாரும் காக்க முற்படவில்லை. காப்பு தேவைப்படாத இடத்திலிருந்து கிளம்பியிருந்தேன், அவ்வளவுதான்.

ஆக, ஒரே மொழி என்பதால் மட்டும் கடமை பிறக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரோடு அதே இரும்புக் குழாயைத் தூக்கும் நேபாளிக்கு நான் ஒன்றும் குறைவாகக் கடன்பட்டிருக்கவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. நேபாளிகள் இருவர் லிஃப்டில் பேசிக்கொள்வது எனக்கு வெறும் ஓசை. தமிழர் இருவர் பேசினால் எல்லாம் புரிந்துவிடுகிறது. “ரெண்டு மாசமா ஓ.டி. வரல”, “கேம்ப்ல ரெண்டு நாளா தண்ணி இல்ல”, “அம்மா காரியத்துக்கு விடல.” இதைக் கேட்ட பிறகு தெரியாது என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. பக்கத்தில் நிற்கும் பிரிட்டிஷ் மேலாளருக்கு அந்த வசதி முழுதாக இருக்கிறது. மொழி எனக்கு வைக்கும் கடன் இதுதான் என்று நினைக்கிறேன். இரத்தம், இனம் என்றெல்லாம் போகாமல், காதில் விழுந்ததற்குப் பொறுப்பேற்பது.

அப்படியானால் என்ன செய்வது? பணம் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கலாம், ஆனால் அந்த சாரை அது இன்னும் கெட்டியாக்கிவிடுகிறது. சாரம் கட்டுபவர் என்னிடம் பணம் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சனாயாவில் அவருடைய கேம்ப் பக்கத்து டீக்கடையில், போனில் சம்பளச் சீட்டைக் காட்டி, “இதுல என்ன சார் போட்டிருக்கு?” என்று கேட்டார். அடிப்படைச் சம்பளம் 1000 ரியால், சாப்பாட்டுக்கு 300. கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து இது குறைந்தபட்ச அளவு. என் ஓட்டல் அறைக்கு இரண்டு இரவுக்கு ஆகும் தொகை. கழிவுகளில் ஒரு வரி எனக்கும் புரியவில்லை. எந்த வரி, யாரிடம், என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்.

நான் அங்கே செய்யும் வேலையும் இதற்குத் தூரமானதில்லை. ஆட்கள் விரல் வைத்து வருகை பதியும் மென்பொருளையும் சம்பளக் கணக்கையும் இணைப்பதுதான் என் பணி. கடிகாரம் சைட் வாசலில் தொடங்குகிறது. பேருந்து கேம்பிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடும். போக ஒரு மணி, வர ஒரு மணிக்கு மேல். கத்தார் சட்டமும் இந்தப் பயணத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுப்பதில்லை, எனவே யாரும் விதியை மீறவில்லை. பேருந்து கிளம்பும் நேரத்தையும் பதியலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். எதற்கு என்றார்கள். பதிந்தால்தான் ஒரு ஆள் எத்தனை மணி நேரம் தூங்க முடிகிறது என்று பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரியும், சாரத்திலிருந்து யாராவது விழுந்தால் அந்தக் கேள்வி வரும் என்றேன். மனிதாபிமானம் என்று ஆரம்பித்திருந்தால் அந்த அறையில் தேநீர் இடைவேளையோடு முடிந்திருக்கும். ஒரு கட்டம் சேர்த்தார்கள். சம்பளத்தில் ஒரு ரியால் கூடவில்லை. ஆனால் நாலரை மணி இப்போது ஓர் ஆவணத்தில் இருக்கிறது.

இதை உதவி என்று சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். இந்தக் கட்டடங்களை எழுப்பும் ஏற்பாட்டில் சம்பளம் வாங்குபவன் நான். என் திட்டப்பணியின் வரவுசெலவும் அவருடைய ஓ.டி.யும் ஒரே நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அதில் எனக்குக் கை எட்டுகிற கட்டத்தைத் தொடுவது எனக்கு ‘எந்த ஊர்’ என்பதைவிட நேர்மையான விசாரிப்பாகப் படுகிறது. பெரிதாக ஒன்றும் மாறாது என்பதில் நண்பரோடு எனக்குச் சண்டை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே டீக்கடைக்குச் சாரம் கட்டுபவர் மூன்று பேரோடு வந்தார். ஒருவர் திண்டுக்கல், ஒருவர் நேபாளம், ஒருவர் வங்கதேசம். மூவர் கையிலும் போனில் சம்பளச் சீட்டு. கேம்பில் எட்டு வருடத்தில் ஹிந்தி நன்றாகப் பழகிவிட்டார். நான் தமிழில் சொல்வதை அவர் ஹிந்தியில் சொன்னார், அவர்கள் திருப்பிக் கேட்டதை எனக்குத் தமிழில் கொண்டுவந்தார். வங்கதேசக்காரருக்குக் கேள்விகள் அதிகம். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் அவர்தான் கொடுத்தார்.