ஈய வீரர்களும் சர்வசாட்சியும்

நெப்போலியன் காலத்துப் படைகளை ஈயத்திலும் வெள்ளீயத்திலும் வார்த்து, வர்ணந்தீட்டி, கண்ணாடிப் பேழைக்குள் அணிவகுத்து வைத்து அழகு பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. நூரெம்பர்க் நகரத்து ஹைன்ரிக்ஸன் பட்டறை 1839-ல் தொடங்கித் தட்டை வீரர்களை வார்த்துக் குவித்தபோது, அது கைக்கொண்ட 30 மில்லிமீட்டர் உயரமே பிற பட்டறைகளுக்கும் பிரமாணமாயிற்று. இவற்றைச் சேகரிப்போரைப் பிள்ளைத்தனமென்று நகைப்பதும், கொலையை அலங்காரமாக்குவதாகக் கடிவதும் எளிது. இரண்டிலும் எனக்கு ருசியில்லை. பேழையின்மேல் குனிந்து நிற்கையில் அவர்களுக்கு வாய்க்கும் பார்வை எத்தகையது என்பதே என் சிந்தையை இழுக்கும் கேள்வி. புகையும் ஓலமுமின்றிப் போர்க்களம் முழுதும் ஒரே கணத்தில் கீழே விரிந்து கிடக்கிறது. காண்பவனுக்கு அச்சமுமில்லை, வலியுமில்லை. எங்கும் நிறைந்த சாட்சியாகிய பரம்பொருளும் உலகத்தை இவ்வாறுதான் காண்கிறதோ?

அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ள என்னைத் தடுப்பவர் வில்லியம் ஸைபோர்ன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி. 1815 ஜூன் 18-ஆம் நாள் நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூப் போரில் அவர் கலந்துகொள்ளவில்லை. 1830-ல் அப்போரின் மாதிரியொன்றை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்படவே, களத்தின் நடுவிலிருந்த லா ஹே ஸாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களையெல்லாம் அளந்தெடுத்தார். அதன்பின் அவர் செய்த காரியம்தான் விசேஷமானது: அப்போரில் நின்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் விடுத்து, மாலை ஏழு மணியளவில், பிரெஞ்சுப் பேரரசுக் காவற்படை பாய்ந்த அந்தத் தறுவாயில், உம் படைப்பிரிவு எங்கே, எவ்விதம் அணிவகுத்து நின்றது, எதிரே யார் நின்றனர், காலடி நிலத்தில் என்ன பயிர் விளைந்திருந்தது என்று வினவினார். நெல்மணியளவே உயரமுள்ள எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களுடன் 1838-ல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வந்த அம்மாதிரி, இன்று செல்ஸியிலுள்ள தேசிய ராணுவக் காட்சிசாலையில் இருக்கிறது. ஒரு பொம்மை இரண்டு மனிதருக்கு ஈடென்பது கணக்கு. உலகாளும் எவரும் மனிதரை இப்படித்தான் எண்ணுகிறார்கள் போலும்!

ஆக, மேலிருந்து முழுமையாகக் காண விரும்பியவர், கீழே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குப் புலப்பட்டதோ சிறிது: பக்கத்திலிருந்தவன் வீழ்ந்தது, குதிரையின் குளம்போசை, மிதிபட்ட கதிர். அச்சிறு காட்சிகளை நீக்கிவிட்டால் கழுகுப் பார்வைக்கு மிஞ்சுவது வெறும் பச்சைப் பலகைதான். ஆகவே ஈசன் சர்வக்ஞன் என்று நாம் சொல்வதில் பொருளிருக்குமானால், எட்டி நின்று எல்லாவற்றையும் காண்பவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. குண்டடிபட்டவனின் தாகத்தை அவன் நாவிலிருந்தே அறிபவன் என்றுதான் கொள்ள வேண்டும். துன்பத்தால் தீண்டப்படாத சாட்சி என்று வேதாந்திகள் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீண்டப்படாமையும் அறியாமையும் ஒன்றல்லவே.

மேலிருந்து பார்ப்பவனுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆங்கிலேயருக்குத் துணைநின்ற பிரஷ்யப் படைகளுக்கு அம்மாதிரியில் கிடைத்த பங்கு, அப்போரில் ஆங்கிலத் தரப்புக்குத் தலைமை தாங்கிய வெல்லிங்டன் கோமகனுக்கு உவப்பாயில்லை. அவருடைய செல்வாக்கோ பெரிது. முடிவில் பிரஷ்ய வீரர்கள் திரள்திரளாகப் பலகையிலிருந்து அகற்றப்பட்டார்கள். பொம்மையை அப்புறப்படுத்த இரண்டு விரல் போதும். ஸைபோர்னுக்கு வந்த கடிதங்களோ அகற்றப்படவில்லை. அவற்றிலொரு தொகுதியை அவர் மகன் 1891-ல் அச்சிட்டார். நெருப்பெதிரே நின்றவர்களின் முரண்பட்ட சாட்சியங்கள் அவற்றில் ஒன்றுக்கொன்று இசையாமல் அப்படியே கிடக்கின்றன.