கலைக்கூடத்தில் கடைக்கு இடமுண்டா?

ஊருக்குப் பொதுவாக ஒரு கலை மையம் அமைக்கத் திட்டம் போடும்போது அரங்கத்துக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. அதே வளாகத்தில் கைவினைப் பொருட்களை விற்கக் கடைகள், கலைஞர்கள் சிறுதொழில் நடத்த அறைகள் என்றதும் பேச்சு தடைபடுகிறது. தெய்வீகமான கலையை விலை பேசலாமா என்கிறார்கள். பலனை எதிர்பார்த்துச் செய்யும் செயல் தூய்மை இழக்குமா என்ற பழைய ஆன்மிகக் கேள்விதான் அந்தத் தயக்கத்தின் வேர். அதனால் அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். கூலி வாங்குவதால் கலை கெடுவதில்லை என்பது என் முடிவு. எதைச் செய்வது, எதை மறுப்பது என்ற தீர்மானம் கலைஞரின் கையைவிட்டுப் போகும்போதே அது கெடுகிறது.

தமிழ்ச் சைவம் இதில் நம்மைவிடக் கூச்சம் குறைந்தது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் காசு அளித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. உழவாரப் பணி செய்த அப்பருக்குக் கிடைத்தது முழு மதிப்புள்ள காசு. சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வட்டம் என்ற கழிவு போகக் குறைவாகவே கிடைத்தது. அவர் அதைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. குறையைத் தீர்த்து நல்ல காசு தரும்படி பதிகம் பாடினார். அடியவர்களுக்குச் சோறிட அந்தக் காசு தேவைப்பட்டது. அந்தப் பதிகத்தைப் பக்தி குறைந்தது என்று எந்த ஓதுவாரும் ஒதுக்கியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே மனநிலைதான். வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல் மகளிரின் பெயர், அவர்கள் வந்த ஊர், ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கு எல்லாம் ராஜராஜனின் கல்வெட்டில் இருக்கின்றன. நட்டுவர், குழலூதுவோர், தையற்காரர், தச்சர், கணக்கர் ஆகியோரின் பங்கும் உண்டு. ஒருவர் இறந்தால் உறவினர் அந்த இடத்துக்கு வரலாம்; அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இறைவன் வீட்டுச் சுவரிலேயே சம்பளப் பட்டியல்!

ஆனால் அந்த ஏற்பாட்டை அப்படியே போற்ற முடியாது. அந்தப் பெண்களை விருப்பம் கேட்டா இடம் மாற்றினார்கள்? கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் பின்னாளில் எப்படிச் சீரழிந்தது என்பதையும், அதை ஒழிக்க 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் தேவைப்பட்டதையும் மறக்கக் கூடாது. பறை அடிப்போரின் நிலையும் அத்தகையதே. சாவு வீட்டில் கூலி கொடுத்தார்கள், வர மறுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. இங்கெல்லாம் கலைஞரைக் கீழே தள்ளியது கட்டாயம். அதே கூலி சுதந்திரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் சான்று. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்றுச் சேர்த்த பணத்தில் 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் தங்கள் கிராமத்தை அமைத்தார்கள். ஓவியம் விற்காத காலத்திலும் வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொண்டதால், வாங்குபவரின் ரசனைக்காகத் தூரிகையைத் திருப்ப வேண்டிய நெருக்கடி தணிந்தது. தென்னிந்திய நவீன ஓவியத்துக்கு அந்தக் கடைக் காசு செய்த உதவி பெரிது.

கீதை பலனில் பற்றை விடச் சொல்கிறதே என்று கேட்கலாம். செயலில்லாமல் உடலைக்கூடப் பேண முடியாது என்று அதன் 3-ஆம் அத்தியாயமே சொல்கிறது. அது விடச் சொல்வது பற்றை, பசித்தவரின் உணவை அல்ல. கடை வந்தால் சுற்றுலாப் பயணிக்குப் பிடித்த பொம்மை மட்டுமே பெருகும் என்ற அச்சம் இதைவிட வலுவானது. அது நடக்கவே செய்கிறது, கடை இடைத்தரகர் கையில் இருக்கும் இடங்களில். ஆகவே கட்டட வரைபடத்துக்கு முன்பே சில விதிகள் முடிவாக வேண்டும். நிர்வாகக் குழுவில் கலைஞர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். விற்பனையில் ஒரு பகுதி, விற்காத கலைகளுக்கும் புதிய முயற்சிகளுக்கும் போக வேண்டும். எந்த நிகழ்ச்சிக்கு அழைத்தாலும், அழைப்பவர் யாராக இருந்தாலும், பறைக் குழுவோ கூத்துக் குழுவோ வர முடியாது என்று சொல்லலாம்; அதற்காக மையத்தில் அவர்களுக்குள்ள அறையும் பங்கும் பறிபோகக் கூடாது.