காண்டீபம் நழுவும் வேளை

மாத இறுதி நாள். வங்கிக் கிளை ஒன்றில் மாலை ஏழு மணி கடந்தும் விளக்குகள் அணையவில்லை. கணக்கு முடிக்கும் வேலை ஒருபுறம். விற்றிருக்க வேண்டிய காப்பீட்டுத் திட்டங்களின் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று மண்டல அலுவலகத்தின் காணொளிக் கூட்டத்தில் விளக்கியாக வேண்டிய நிலை மறுபுறம். இருபது ஆண்டு அனுபவம் உள்ள அலுவலர் ஒருவர் திரையின் முன் அமர்கிறார். கை நடுங்குகிறது, நா உலர்கிறது, நேற்றுவரை விரல்நுனியில் இருந்த எண்கள் நினைவுக்கு வர மறுக்கின்றன. காட்சி கற்பனைதான், எனினும் பணிக்குச் செல்லும் அன்பர் எவருக்கும் இது அந்நியமானதன்று.

கீதையைப் பயின்றவர்க்கு இந்த அறிகுறிகள் வேறோர் இடத்தையும் நினைவூட்டும். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கும் அங்கங்கள் தளர்ந்தன, வாய் வறண்டது, தோல் எரிந்தது, மனம் சுழன்றது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. அவன் கோழையல்லன், வில்வித்தையில் ஈடிணையற்றவன். ஆகவே, பணியிடத்தில் ஒருவர் நிலைகுலைவதைத் திறமைக் குறைவென்றோ மன உறுதியின்மை என்றோ முத்திரை குத்துவோர், அந்த முதல் அத்தியாயத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தல் நலம். அந்தக் கலக்கத்துக்கே 'விஷாத யோகம்' என்று பெயரிட்டிருக்கிறது மரபு.

தேர்ப்பாகன் செய்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அர்ஜுனன் புலம்பத் தொடங்கியது முதல் அந்த அத்தியாயம் முடியும் வரை கண்ணன் ஒரு சொல்லும் கூறவில்லை. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கடிந்து ஊக்குவிக்கிறான். எழுந்து நில் என்கிறான். அந்த ஊக்கச் சொல் பலிக்கவில்லை. அர்ஜுனன் மீண்டும் தன் துயரத்தையே சொல்கிறான். 'வழி தெரியவில்லை, கற்பியும்' என்று தானே சரணடைகிறான். போரிட மாட்டேன் என்று கூறி மௌனமாகிறான். அதற்குப் பிறகே உபதேசம் தொடங்குகிறது. கேட்கப்படாத அறிவுரை, அது பகவானின் வாயிலிருந்தே வந்தாலும், கலங்கிய மனத்தில் இறங்குவதில்லை போலும்.

இன்று நிறுவனங்கள் பல தம் ஊழியர்களுக்கு அரைநாள் தியானப் பயிற்சி ஏற்பாடு செய்கின்றன. நன்முயற்சியே. தியானம் பலரை நிலைப்படுத்தியிருப்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தர்மக் கேள்வி எஞ்சி நிற்கிறது: சுமையை ஏற்றுபவர் குறைக்காமல், சுமப்பவரை மட்டும் அமைதியாயிருக்கச் சொல்வது நியாயமா? பலனில் பற்று வைக்காதே என்னும் உபதேசம் அலுவலகங்களில் வினோதமான முறையில் பயன்படுகிறது. மிகைநேரப் பணிக்கு ஊதியம் கேட்பவரிடம் அது சொல்லப்படுகிறது. சொல்பவரோ மாலைதோறும் பலனை எண்ணிக்கையாகக் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார். கர்மயோகம் ஒருவர் தம் மனத்துக்குத் தாமே விரும்பி இட்டுக்கொள்ளும் ஒழுக்கம். மற்றவர் முதுகில் பாரம் ஏற்றுவதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது அந்த யோகத்துக்கே இழைக்கும் அநீதி.

பிரிட்டனில் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. பெரிய பொறுப்புகளைச் சுமக்கும் உயர் அதிகாரிகளுக்கே இதயநோய் மிகுதி என்று பொதுவாக நம்பப்பட்டது. கண்டதோ நேர்மாறு: படிநிலையில் கீழே செல்லச் செல்ல மரண விகிதம் கூடியது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் அபாயம் அதிகம் என்பதையும் காட்டியது. வேலையின் அளவு மட்டுமன்று, அதன்மீது தமக்கு எந்தப் பிடியும் இல்லை என்ற நிலையும் மனிதரை அரிக்கிறது. அளவும் பொருட்டன்று எனக் கருதிவிடலாகாது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்க்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுகிறது. 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்ட கணக்கு இது.

அன்பர்களிடையே மட்டும் காணப்படும் வேறொரு துயரமும் உண்டு. நெடுநாள் ஜபம் செய்து வருபவர் ஒருவருக்கு உறக்கம் போய்விடுகிறது. காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. உயிர் வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது. மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். அவர் அதைச் சத்சங்க நண்பர்களிடம் மறைக்கிறார். சாதனை போதாததால் வந்த தண்டனை இது என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொள்கிறார். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் எவரும் இப்படி வெட்கப்படுவதில்லை. மனச்சோர்வு நோயாக முற்றிய பின் அதற்கு மருந்தும் மனநல ஆலோசனையும் தேவை. பிரார்த்தனை அவற்றுக்குத் துணை நிற்கலாம், மாற்றாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் பேசலாம். இத்தகைய செய்திகளை ஆன்மிக விஷயமன்று என்று ஒதுக்குவோர் உண்டு. துன்புறும் ஓர் உயிர் உதவிக்கு எங்கே செல்வது என்று அறிந்திருப்பது சேவையின் முதற்படியன்றோ!

மேலாளராக இருக்கும் அன்பர்க்கோ கீதையின் கடைசி அத்தியாயத்தில் ஒரு செய்தி காத்திருக்கிறது. அத்தனையும் போதித்த பின், இவற்றை முற்றும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று கண்ணன் முடிவை அர்ஜுனனிடமே விட்டுவிடுகிறான். ஆணையிடும் அதிகாரம் முழுதும் உடையவன் அவன். மண்டல அலுவலகத்திலிருந்து அழைப்பவர் இலக்கைக் கேட்கும் முன், இம்மாதம் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று அந்த அலுவலரின் கருத்தைக் கேட்டிருந்தால், திரையின் முன் அந்தக் கை அவ்வளவு நடுங்கியிருக்குமா? அன்றிரவு கூட்டம் முடிந்த பிறகு, பக்கத்து மேசைக்காரர் வீட்டுக்குப் புறப்படாமல் இரண்டு கோப்பைத் தேநீருடன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறார். எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அலுவலர் தாமாகவே பேசத் தொடங்குகிறார்.