எங்கே கூடாரம் அடிப்பது?



நம் கோவிலில் தாலி மந்திரித்துக் கட்டி, மெய்விவாகம் என்னும் தேவ திரவிய அநுமானத்தைப் பெற்றுக்கொண்ட இளந்தம்பதிகள் பலர் இன்று ஒரே கேள்வியோடு நடமாடுகிறார்கள். பூசை முடிந்து முற்றத்தில் நிற்கும்போது காதில் விழுகிற பேச்சும் அதுதான். “தாம்பரம் பக்கம் பார்க்கலாமா? ஆவடி நல்லதா? கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தில் விலை இன்னும் குறைவாமே? பிள்ளை பிறப்பதற்கு முன்னே ஒரு வீட்டில் நிலையாக உட்கார்ந்துவிட வேண்டும்.” பட்டணத்துக்குள்ளே ஓர் அறை, ஒரு சமையற்கட்டு உள்ள வீட்டுக்கு வாடகை கொடுத்து முடியாதவர்கள் இப்படி எண்ணுவதில் ஆச்சரியமில்லை.

வீடு பார்ப்பது பணத்தைச் சேர்ந்த காரியம், அதில் குருவானவருக்கு என்ன வேலை என்று நினைக்கவேண்டாம். பிள்ளையின் ஆத்துமம் எந்தத் தெருவில் வளரும், எந்தக் கோவில் மணியைக் கேட்கும், சாயங்காலத்தில் யார் மடியில் உட்காரும் என்பதெல்லாம் அந்த ஒரு தீர்மானத்தில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் இந்த ஞாயிறு இதைப் பற்றியே சிந்திப்போம்.

வேதாகமத்தில் இப்படி இடம் தேடின ஒருவன் இருக்கிறான். ஆபிரகாமின் சகோதரன் மகனாகிய லோத்து அவன். இருவருக்கும் ஆடுமாடுகள் பெருகின. மேய்ச்சல் நிலம் போதவில்லை. மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்தது. பெரியவரான ஆபிரகாம் விட்டுக்கொடுத்து, எந்தப் பக்கம் வேண்டுமோ அதை நீயே எடுத்துக்கொள் என்றார். லோத்து யோர்தான் சமவெளியைப் பார்த்தான். தண்ணீர் வளம், பச்சைப் பசேலென்ற நிலம். அதைத் தெரிந்துகொண்டான். அங்கே அக்கம்பக்கத்தார் யார், தன் குடும்பம் அவர்கள் நடுவில் எப்படி வாழும் என்று அவன் விசாரித்ததாக ஆதியாகமம் 13-ம் அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். முதலில் சோதோமுக்கு அருகே கூடாரம் அடித்தான். அடுத்த அதிகாரத்தில் ஊருக்குள்ளேயே குடியிருக்கிறான். 19-ம் அதிகாரத்தில் அந்த ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அழிவு வருகிறதென்று சம்மனசுகள் சொன்னபோது, மருமக்களாக வரவிருந்தவர்கள் அதை வேடிக்கையாக நினைத்தார்கள். லோத்துவே தயங்கி நின்றபடியால் சம்மனசுகள் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று. மனைவியோ திரும்பிப் பார்த்து உப்புத் தூணானாள். ஒரு நாளில் செய்த தெரிவு, குடும்பம் முழுவதையும் படிப்படியாக எங்கே கொண்டுபோய்விட்டது பாருங்கள்! ஆபிரகாமோ எபிரோனில் மாம்பரே அருகே தங்கி, அங்கே ஆண்டவருக்கு ஒரு பீடம் கட்டினார். ஒருவன் நிலத்தை மட்டும் பார்த்தான். மற்றவர் பீடத்துக்கும் இடம் பார்த்தார்.

புறநகருக்குப் போவது பாவம் என்று நான் சொல்லவில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-ம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் நம் ஜனங்கள் அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே குடியேறி வந்திருக்கிறார்கள். தாய்த் திருச்சபை அவர்களைக் கைவிடாமல் பின்னாலேயே போயிற்று. 2002-ம் ஆண்டு 2-ம் அருள் சின்னப்பர் பாப்பரசர் சென்னை-மயிலை அதிமேற்றிராசனத்தைப் பிரித்து, செங்கற்பட்டு மேற்றிராசனத்தை ஏற்படுத்தினார். உழைப்பாளி தன் கூலியில் மிச்சம் பிடித்துத் தனக்கென்று சொத்துச் சேர்த்துக்கொள்ளக் கூடியவனாயிருக்க வேண்டும் என்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-லேயே போதித்திருக்கிறார். ஆகவே சொந்த வீட்டை விரும்புவது நியாயமான ஆசை. அந்த ஆசையை எந்தத் தராசில் நிறுப்பது என்பதே கேள்வி. மூன்று எடைக்கற்களைத் தருகிறேன்.

முதலாவது, சாயங்காலம்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர். செங்கற்பட்டு ஏறக்குறைய 60. தூரம் கூடக்கூட வீட்டு விலை குறைகிறது. ஆனால் குறைந்த விலையின் மிச்சத்தை நாம் வேறொரு நாணயத்தில் கட்டுகிறோம். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். போகவர மூன்று மணி. வருஷத்தில் 300 நாள் வேலைக்குப் போகிறவனுக்கு அது 900 மணி. அதாவது 37 நாட்களுக்கு மேல், இரவும் பகலும், ரயிலிலும் பஸ்ஸிலும் கழிகிறது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இராத்திரி எட்டரைக்கு வருகிற தகப்பன், குழந்தையைத் தூங்கும் கோலத்தில்தான் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் கையை நீட்டினால் அது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

குடும்பம் கூடி இராச்செபம் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? ஒரு பத்து மணிச் செபமாலைக்கு ஐந்து நிமிஷம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்குத் தகப்பனும் தாயும் பிள்ளையும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே! ஆதலால் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சமையற்கட்டை அளப்பதற்கு முன்னே சாயங்காலத்தை அளப்பார்களாக. கணவனுக்குக் கிண்டியிலும் மனைவிக்கு அம்பத்தூரிலும் வேலையென்றால், இருவர் வழியையும் அளக்கவேண்டும். ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம் என்று புரோக்கர் சொன்னால், அதை ஞாயிறு பகலில் மோட்டாரில் போய்ப் பார்க்கவேண்டாம். வேலை நாள் இராத்திரி எட்டு மணிக்கு, மனைவியும் கூட வர, நடந்து பாருங்கள். நாளைக்கு இடுப்பில் பிள்ளையோடு அவள் நடக்கப்போகிற வழி அது.

இரண்டாவது, கடன்.

30 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 வருஷம் கட்டினால், மாதத் தவணை 26,000 ரூபாய்க்கு மேல். கட்டி முடிக்கும்போது கொடுத்தது 62 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடன் கொடுக்கிறவர்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து, இன்னும் பெரிய தொகையைத் தாராளமாகத் தருவார்கள். அங்கேதான் கண்ணி இருக்கிறது. இரண்டு சம்பளத்தைக் கணக்கிட்டு எடுத்த கடன், பிறக்கவேண்டிய பிள்ளையைப் பார்த்து, “நீ இப்போது வராதே” என்று சொல்லத் தொடங்கும். இன்னும் இரண்டு வருஷம், பிறகு இன்னும் இரண்டு வருஷம் என்று தொட்டில் தள்ளிப்போகும். பிள்ளைக்காக வாங்கப் புறப்பட்ட வீடு, பிள்ளைக்கே இடங்கொடாத வீடாகிவிடும். இது எத்தனை பரிதாபம்!

தக்க காரணம் இருந்தால் பிள்ளைப்பேற்றை இடைவெளிவிட்டு அமைத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒழுக்கமான வழி உண்டு என்று 6-ம் சின்னப்பர் பாப்பரசர் 1968-ல் போதித்ததை நாம் அறிவோம். வியாதியும் வறுமையும் தக்க காரணங்களாகலாம். கூடுதலாக ஓர் அறை வேண்டும் என்பது அந்தத் தராசில் எவ்வளவு நிறுக்கும் என்று தம்பதிகளே சர்வேசுரன் முன்னிலையில் முழங்காலிலிருந்து யோசிப்பார்களாக. பிள்ளைப் பாக்கியத்துக்காக வருஷக்கணக்கில் கண்ணீரோடு காத்திருக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், வீடு வாங்கினீர்களே, விசேஷம் ஒன்றுமில்லையா என்று கேட்டு யாரும் மனதைப் புண்படுத்தவேண்டாம்.

“சுவாமி, பிறகு என்னதான் செய்வது?” என்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சம்பளத்தில் தவணை கட்டி, அரிசி பருப்பும் வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் சிறிய வீட்டைப் பாருங்கள், அல்லது பொறுங்கள். வாங்க நினைக்கும் ஊரிலேயே முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்பது நஷ்டமல்ல. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம். மனையைச் சித்திரை வெயிலில் பார்த்தது போதாது; ஐப்பசி, கார்த்திகை மழையிலும் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பட்ட பாட்டையும் மறந்துவிட்டோமா? லோத்துவும் தண்ணீர் வளம் என்றுதானே பார்த்தான்! பாறைமேல் கட்டினவனையும் மணல்மேல் கட்டினவனையும் பற்றி நமதாண்டவர் சொன்ன உவமை ஆத்துமத்துக்கு உரியது. ஆனாலும் மெய்யாகவே ஏரியைத் தூர்த்துக் கட்டின வீட்டுக்கும் அது பொருந்தாமல் போகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. சட்டத்தின்படி, அதற்குட்பட்ட இடங்களில் வேலை செய்யும் தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. 27-வது வாரம் குழந்தையை யார் தூக்குவது? பெரும்பாலும் பாட்டிதான். அந்தப் பாட்டியோ இங்கே நம் தெருவில் இருக்கிறாள். பாட்டியையும் தாத்தாவையும் கூட அழைத்துப் போகிறீர்களா, அல்லது அவர்கள் வந்துபோகக் கூடிய தூரத்தில் வீடு பார்க்கிறீர்களா? பெற்றோரைச் சங்கிக்க வேண்டும் என்ற நான்காம் கற்பனை, முகவரி மாறினதால் மாறிப்போவதில்லை. பேரப்பிள்ளையை வளர்க்க மட்டும் கூப்பிட்டு, வியாதி வந்தால் திருப்பி அனுப்புவது கிறிஸ்தவ வழக்கமல்ல. பட்டணத்தில் தனியாக விடப்பட்ட வயதானவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிற குருக்கள், “மகன் வந்தானா?” என்று கேட்கத் தயங்குகிறார்கள். பதில் முன்னமே தெரியும்.

மூன்றாவது, பீடம்.

குடும்பம் எங்கே நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறுகிறதோ, அந்த இடத்துப் பங்கே அதன் பங்கு, அங்கேயுள்ள குருவே அதன் மேய்ப்பர் என்பது திருச்சபையின் சட்டம். ஆனால் நடப்பது என்ன? வீட்டை மாற்றுகிறார்கள், காஸ் இணைப்பையும் ரேஷன் கார்டையும் மாற்றுகிறார்கள், பங்கை மட்டும் மாற்றுவதில்லை. பழைய கோவிலுக்கு வரத் தூரம். புதிய கோவிலில் ஒருவரையும் தெரியாது. முதல் மாதம் ஒரு ஞாயிறு தவறுகிறது. மழைக்காலத்தில் இரண்டு தவறுகின்றன. கடைசியில் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுக் கடிதம் வாங்கும் நாளன்றுதான் அந்தப் பங்கு குருவின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். விசுவாசத்தை யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை. சாமான் ஏற்றின லாரியில் அதற்கு இடம் ஒதுக்காமல் போனார்கள்.

ஆகையால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிறு அந்த ஊர்க் கோவிலில் பூசை காணுங்கள். வீட்டிலிருந்து கோவிலுக்கு நடந்து போகலாமா? ஞானோபதேச வகுப்பு நடக்கிறதா? சுற்றுவட்டாரத்தில் எத்தனை கத்தோலிக்கக் குடும்பங்கள்? அயலார் எந்த மதத்தினரானாலும் மரியாதையும் இரக்கமும் உள்ளவர்களா? நடுஇராத்திரியில் பிரசவ வலி கண்டால் கதவைத் தட்டக் கூடியவர்களா? இவைகளையும் விசாரியுங்கள். குடியேறின வாரமே ஞானஸ்நான, விவாகச் சான்றுகளோடு அந்தப் பங்கு குருவைச் சந்தித்துக் குடும்பத்தின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டை மந்திரிக்க அவரை அழையுங்கள். சோபாவுக்கு முன்னே சுரூபத்துக்கு ஓர் இடம் குறியுங்கள். பிள்ளை பிறந்தால், விருந்துக்கு மண்டபம் கிடைக்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திராமல், திருச்சபை கேட்கிறபடி முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுங்கள்.

நசரேத்தூர்த் திருக்குடும்பமும் வீடு மாறின குடும்பந்தான். ஏரோது இறந்தபின் அர்ச். சூசையப்பர் எஜிப்திலிருந்து திரும்பினபோது, யூதேயாவில் அர்க்கேலாவு ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு அஞ்சினார். கனவில் தேவ எச்சரிப்பைப் பெற்று, கலிலேயா நாட்டில் நசரேத்து என்னும் ஊரில் குடியேறினார். பெயர் பெற்ற ஊரல்ல அது. அங்கிருந்து நன்மை ஏதும் வருமோ என்று பிற்காலத்தில் நத்தானியேலே கேட்டார். ஆனாலும் பாலனுக்கு அது பத்திரமான இடம். தாயும் பிள்ளையும் கண்முன்னே இருக்க, சூசையப்பர் அங்கே தச்சுவேலை செய்தார். கர்த்தர் தம் மனுஷ சீவியத்தின் பெரும்பகுதியைக் கழிக்க அந்தச் சிறிய ஊர் போதுமாயிருந்தது.

நம் பங்கைவிட்டுப் போகிற பிள்ளைகளே, போய்வாருங்கள். இந்தக் கோவில் மணி உங்களுக்காகவும் அடிக்கும். கூடாரம் அடிப்பதற்கு முன்னே பீடத்துக்கு இடம் பாருங்கள். சாயங்காலத்தில் விளக்கேற்றிக் கூடி முழங்காலிடக் கூடிய வீடாகத் தெரிந்துகொள்ளுங்கள். அது வாடகை வீடாயிருந்தாலும், ஓர் அறையே உள்ளதாயிருந்தாலும், உங்கள் பிள்ளை அதைத் தன் தகப்பன் வீடென்று அறிந்துகொள்ளும்.

சேசு, மரி, சூசை என்னும் திருக்குடும்பம் உங்கள் வாசற்படியைக் காத்து, உங்கள் தொட்டிலை ஆசீர்வதிக்கக் கடவது. ஆமென்.