‘மலடன்’ என்ற சொல் எங்கே?

பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணை ‘மலடி’ என்று சொல்ல நம்மவர் நாக்கு கூசுவதில்லை. ‘மலடன்’ என்ற சொல்லும் அகராதியில் உண்டு. ஆயினும் தோட்டத்து லயத்திலோ கிள்ளான் கடைத்தெருவிலோ அதைக் கேட்பது அரிது. வழக்கொன்று எழுந்தால் இரு தரப்பாரையும் விசாரிப்பதே நீதி என்று ஒப்புக்கொள்ளும் நாம், இல்லறத்தில் மட்டும் ஒரு தரப்பை விசாரியாமலே விடுதலை செய்வது என்ன நியாயம்?

உண்மை யாது? பிள்ளையில்லாத் தம்பதிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண்பக்கக் குறை, தனித்தோ பெண்பக்கக் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது என்பது வைத்தியர் முடிபு. பெண்ணுக்குரிய சோதனைகள் பல. அவற்றுட் சில நோவு தருவன. ஆணுக்கோ முதற்சோதனை ஒன்றே: 2 முதல் 7 நாள் விலகியிருந்து, விந்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பது. இதற்கும் மறுப்பவன், தன் பங்குச் சுமையையும் மனைவியின் தலையில் ஏற்றுகிறான்.

எப்பொழுது செல்வது? தடையின்றிக் கூடி வாழ்ந்தும் ஓராண்டில் கரு தரிக்காவிடில் இருவரும் ஒருங்கே செல்க. மனைவிக்கு வயது 35 ஆகியிருப்பின் ஆறு மாதமே எல்லை. சிறுவயதில் விதை இறங்காதிருந்தவர், பருவமெய்திய பின் புட்டாளம்மை வந்து விதை வீங்கியவர், விதைப்பையில் நரம்பு புடைத்தவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் ஆகியோர் அவ்வளவும் காத்திருத்தல் வேண்டா. உடல் திரளவென்று ஆண்மைச் சுரப்பு ஊசி போட்டுக்கொள்வோரும் அறிக: அவ்வூசியே விந்தணு உற்பத்தியை நிறுத்தவல்லது. முதற்சோதனையில் குறை கண்டால் மறுமுறை சோதித்து, பின்னர்த் தனித்துறை வைத்தியரிடம் செல்க. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆதலின், சிகிச்சையின் பயனை ஒரு வாரத்தில் எதிர்பாராதீர். மேருவில் இருப்போர் அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால், எங்கே செல்வதென்று வழிகாட்டுவர்.

பேசினால் மானம் போகும் என்பார்க்கு ஒரு வரலாறு. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் என்னும் ஊரில், பயிர்வேரைக் கெடுக்கும் நுண்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைச் செய்த ஆலைத் தொழிலாளர், தங்களுட் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் பேசினர். சோதித்தபோது பலரிடம் விந்தணு குறைந்தும், சிலரிடம் அறவே இல்லாமலும் இருந்தது. அவர்கள் பேச்சே அந்நஞ்சை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. கோஸ்டா ரிக்காவின் வாழைத் தோட்டங்களில் அதனைக் கையாண்ட ஆயிரக்கணக்கானோரும் அதே கேட்டுக்கு ஆளாயினர். மருந்து தெளித்தே பிழைக்கும் மக்களை உடைய நமக்கு இது அயலார் கதையன்று. ஒவ்வொருவனும் தன் மனைவியைப் பழித்து வாளாவிருந்திருப்பின், அந்த உண்மை இன்னும் எத்தனை காலம் புதைந்து கிடந்திருக்குமோ!

தோழர்களே! ஆண்மை வேறு, விந்தணுவின் எண்ணிக்கை வேறு. கண்பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போவதில் இழிவு காணாத நாம், இதில் மட்டும் ஏன் காணவேண்டும்? சோதனையால் எல்லாருக்கும் பிள்ளை பிறந்துவிடும் என்று யான் சொல்லவில்லை, சிலருக்குப் பிறவாது. அவர்க்கும் உண்மை தெரிந்துவிடும். பல்லாண்டாய் ஒருத்தி தனியே சுமந்த பழியும் அன்றே இறங்கும். இதனைச் செய்யும் துணிவே ஆண்மை.