வாசற்படியில் ஒரு கேள்வி

பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குப் பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால், மாலை வேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் அந்நாட்டுத் தெருக்களில் இருவர் மூவராகச் சிலர் நடந்து செல்வதைக் காணலாம். சட்டையில் தம் கட்சியின் நிறத்தில் ஒரு ரிப்பன் மலர். கையில் அத்தெருவின் வாக்காளர் பட்டியல், அல்லது அப்பட்டியலைத் தாங்கிய கைபேசி. இவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். வாக்குச் சேகரிப்பதற்கென ஊதியம் கொடுத்து ஆள் அமர்த்துவதை அந்நாட்டுச் சட்டமே தடை செய்துள்ளது. பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்த ஆசிரியையும், ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியரும், கல்லூரி மாணவனும் வீட்டு மணியை அழுத்திவிட்டுக் குளிரில் காத்து நிற்கின்றனர். கதவு திறக்கிறது. "இம்முறை எங்களுக்கு வாக்களிப்பீர்களா?" என்று கேட்கின்றனர்.

வாதிட்டு மனம் மாற்றவே இவர்கள் வருகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவர். அது அவர்கள் பணியில் ஒரு சிறு பகுதியே. யார் நம்மவர், யார் எதிரணியினர், யார் இன்னும் முடிவு செய்யாதவர் என்பதை அறிந்து குறித்துக்கொள்வதே பெரும்பணி. 1945ஆம் ஆண்டுத் தேர்தலில் ரெடிங் நகரில் தொழிற்கட்சியின் சார்பில் வென்ற இயன் மிக்கார்டோ, இப்பணியை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். ஆதரவாளர்களின் பெயர்களைத் தெருவாரியாக எழுதி வைத்து, தேர்தல் நாளன்று வாக்களித்து முடித்தவர்களின் பெயர்களை அடித்துக்கொண்டே வருவது. எஞ்சியவர்களின் வீடுகளுக்கு மட்டும் ஆளனுப்பி நினைவூட்டுவது. 'ரெடிங் முறை' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வாக்குச்சாவடி வாயிலில் கட்சித் தொண்டர் ஒருவர் நின்று, வருவோரின் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறிப்பதும் இதற்காகவே. விடை சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் வாக்காளருக்கு இல்லை. ஆயினும் பலர் சொல்லிவிட்டுத்தான் போகின்றனர்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். 1997ஆம் ஆண்டு வின்செஸ்டர் தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நின்றவை 2 வாக்குகள். 2024ஆம் ஆண்டு இலண்டனின் ஹெண்டன் தொகுதியில் 15 வாக்குகள். ஒரே தெருவில் நான்கு வீட்டு மணிகளை அழுத்த மறந்தால் ஓர் உறுப்பினர் மாறிப் போவார்.

ஆனால் நம் சிந்தனைக்குரியது அவர்களது உழைப்பன்று. அவர்கள் கேட்கும் கேள்வியே. 1872ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் வாக்கு என்பது மேடையேறி, ஊரறிய, வாய்விட்டுச் சொல்லப்பட்டது. நிலக்கிழாரும் ஆலை முதலாளியும் கேட்டுக்கொண்டு நின்றனர். மாறாக வாக்களித்த குத்தகையாளர் தம் நிலத்தை இழக்கவும் நேரும் என்பதை அறிந்தே வாய் திறந்தார். அவ்வாண்டு இயற்றப்பட்ட வாக்குச்சீட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பாராளுமன்றத்துக்கான முதல் இரகசிய வாக்கெடுப்பு அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பான்டிஃபிராக்ட் என்னும் ஊரில் நடந்தது. வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரையிட, அவ்வூரார் தம் புகழ்பெற்ற அதிமதுர மிட்டாய்க்குப் பதிக்கும் அச்சையே எடுத்துப் பயன்படுத்தினராம்! இன்றும் வாக்கின் இரகசியத்தை மீறுவோருக்கு அந்நாட்டில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

இவ்வளவு பாடுபட்டு மறைவிடம் கட்டித் தந்த நாட்டில், அம்மறைவிடத்துக்குள் நிகழவிருப்பதை வாசற்படியில் நின்று ஒருவர் கேட்கிறாரே, இது முறைதானா? கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவரா?

முதல் வினாவுக்கு விடை காண்பது அரிதன்று. நிலக்கிழாரும் கேட்டார், இத்தொண்டரும் கேட்கிறார். சொற்கள் ஒன்றே, ஆனால் நிலக்கிழாரின் சொல்லுக்குப் பின்னால் குத்தகைப் பத்திரம் இருந்தது. தொண்டரின் சொல்லுக்குப் பின்னால் வலிக்கும் கால்களைத் தவிர வேறொன்றும் இல்லை. கேட்பவர் கையில் நம் பிழைப்பு இல்லாதவரை, கேட்பதில் குற்றம் இல்லை. இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: கேட்பவர் நம் மேலாளராகவோ, வீட்டு உரிமையாளராகவோ இருந்துவிட்டால், மலர் எந்த நிறமாயினும் அவர் பழைய நிலக்கிழாரே.

இரண்டாம் வினாதான் கடினமானது. "ஆகட்டும், உங்களுக்கேதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவது மிக எளிது. குளிர் உள்ளே வராது, மனத்தாங்கலும் இல்லை. பொய் எதுவாயினும் ஆகாது என்றார் புனித அகுஸ்தினார். உயிரைக் காப்பதற்கும் பொய்யுரைக்க அவர் இசையவில்லை. நம் வள்ளுவரோ, பிறர்க்குத் தீங்கு விளைக்காத சொல்லையே வாய்மை என வகுத்தார். அகுஸ்தினாரின் அளவுகோலில் இப்பொய் உடனே வீழ்ந்துவிடும். வள்ளுவரின் அளவுகோலில் தப்பிவிடுமோ என்று தோன்றும். யாருக்கு என்ன தீங்கு?

தீங்கு உண்டு. வாக்களிப்பதாகச் சொன்னவரின் பெயர் ஆதரவாளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. தேர்தல் நாளன்று, மழையில், இருட்டும் வேளையில், அவ்வீட்டு வாசலுக்கு ஒருவர் மீண்டும் வருவார். சாவடி மூடும் இரவு 10 மணிக்குள் அவருக்கு இருக்கும் நேரம் சொற்பம். நடக்க இயலாத முதியவர் ஒருவரைக் காரில் அழைத்துச் செல்ல உதவியிருக்கக்கூடிய அந்நேரம், ஒருபோதும் வராத ஒரு வாக்குக்காகச் செலவாகிறது. மரியாதைக்காகச் சொன்ன பொய்யின் விலையை, அம்மரியாதைக்கு உரியவரே செலுத்துகிறார். "சொல்ல விரும்பவில்லை" என்று கூறும் உரிமை முழுமையாகக் கையில் இருக்கையில், பொய்க்கு என்ன தேவை? நிலம் பறிபோகும் என்று அஞ்சிப் பொய்யுரைத்த அக்காலக் குத்தகையாளரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மௌனமும் மறுக்கப்பட்டிருந்தது. இன்றையவருக்கு அப்படியன்று.

இவ்விடத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞரை நினைக்காமல் இருக்க முடியாது. இரகசிய வாக்கெடுப்பை அவர் எதிர்த்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் அதனை ஆதரித்தவர் என்பது வேடிக்கை. வாக்கு என்பது தன் விருப்பம்போல் துய்க்கும் சொத்தன்று, பிறர் நலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு; பொறுப்பை நிறைவேற்றுபவர் ஊரார் கண்முன்னே நிறைவேற்றட்டும் என்பது 1861ஆம் ஆண்டு அவர் எழுதிய நூலின் வாதம். 1865ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்றபோது, பணம் செலவிடவும் மாட்டேன், வாக்குக் கேட்டு அலையவும் மாட்டேன் என்று அறிவித்தார். தொழிலாளர் நிறைந்த ஒரு கூட்டத்தில், உழைக்கும் வகுப்பார் பொதுவாகப் பொய்யர் என்று நீர் எழுதியதுண்டா என்று அவரிடம் கேட்கப்பட்டது. உண்டு என்று உடனே ஒப்புக்கொண்டார். கூடியிருந்த தொழிலாளர்கள் ஆரவாரித்துக் கைதட்டினர், அவரே வென்றார். 1868ஆம் ஆண்டில் தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மில்லின் நேர்மையை மதிக்கிறேன். அவரது வாதத்தை ஏற்கவில்லை. குத்தகை நிலத்தை நம்பிப் பிழைத்தவர் அல்லர் அவர். அச்சமற்ற நிலையில் இருப்பவர் அஞ்சுகிறவரிடம் வெளிப்படையாய் இரு என்று கேட்பது எளிது. ஆயினும் வாக்கு ஒரு பொறுப்பு என்ற அவர் கூற்றின் உட்பொருள் என்னை விட்டு நீங்கவில்லை. மறைவாக அளிக்கும் வாக்கும் மனச்சான்றின் முன் மறைவானதன்று.

வாக்காளரைப் பொய்யர் என்று சொல்ல நாம் விரைகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் கருத்துக்கணிப்புகள் பெரிதும் தவறின. கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்பாராத வெற்றி பெற்றது. ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களுள், அக்கட்சியின் ஆதரவாளர்கள் தம் விருப்பத்தை வெளியிடத் தயங்கியதும் ஒன்று. 2015ஆம் ஆண்டில் கணிப்புகள் மீண்டும் பொய்த்தபோது, மக்கள் மறுபடியும் மறைத்துவிட்டார்கள் என்று பலர் பேசினர். 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வறிக்கையோ, கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே நாட்டு மக்களைச் சரிவரப் பிரதிபலிக்கவில்லை, அதுவே முதன்மையான காரணம் என்றது. பிழை கேட்டவர் பக்கம் இருந்தது.

கேட்பவரின் வாய்மையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2010 ஏப்ரல் 28 அன்று, பிரதமர் கார்டன் பிரௌன் ரோச்டேல் நகரத் தெருவில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தார். நெடுங்காலமாகத் தொழிற்கட்சியை ஆதரித்து வந்த அவர், குடியேற்றம் உள்ளிட்ட தம் கவலைகளைச் சொன்னார். பிரதமர் இன்முகத்துடன் விடைபெற்றுக் காரில் ஏறினார். சட்டையில் மாட்டியிருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. அம்மூதாட்டியைக் குறுகிய மனம் படைத்தவர் என்று அவர் காருக்குள் சொன்னதை நாடே கேட்டது. அன்றே அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு, வெளியே வந்து, தம்மை மனம் வருந்தும் பாவி என்று சொல்லிக்கொண்டார். அத்தொகுதியில் அவரது கட்சியே வென்றது என்பது வேறு செய்தி. வாசலில் ஒரு முகமும் காருக்குள் ஒரு முகமும் இருக்குமாயின், கதவைத் திறந்தவரிடம் மட்டும் உண்மையை எதிர்பார்ப்பது எப்படி?

இப்போது கேட்காமலே அறிந்துகொள்ளும் வழிகளும் வந்துவிட்டன. கட்சிகள் விலைக்கு வாங்கும் விவரங்களைக் கொண்டு, கணினி நம்மைப் பற்றி ஊகித்துச் சொல்கிறது. கன்சர்வேட்டிவ் கட்சி, வாக்காளரின் பெயரை மட்டும் வைத்து அவரது பூர்விக நாடு, இனம், சமயம் ஆகியவற்றை ஊகிக்கும் விவரங்களை வாங்கியிருந்தது என்பது, 2020ஆம் ஆண்டு தகவல் ஆணையர் அலுவலகம் வெளியிட்ட தணிக்கையில் தெரியவந்தது. கிழக்கு இலண்டனில் வாழும் ஓர் அந்தோணிமுத்துவின் பெயரைக் கண்டு அந்தக் கணினி என்ன முடிவுக்கு வந்திருக்குமோ! அது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஆணையர் பின்னர்க் கூறினார்; அவ்விவரங்களைக் கட்சி அழித்துவிட்டது.

இதனோடு ஒப்பிடுகையில், மணியடித்துக் கேட்பவர் நமக்குச் செய்யும் மரியாதை புலப்படுகிறது. அவர் முகத்துக்கு நேரே கேட்கிறார். இல்லை என்று சொல்ல நமக்கு இடம் தருகிறார். தம் பெயரையும் தம் கட்சியையும் சொல்லிவிட்டே கேட்கிறார். முதுகுக்குப் பின்னால் நம்மை ஊகித்துக்கொள்ளும் எந்திரத்திடம், சொல்ல விரும்பவில்லை என்று நாம் சொல்ல முடியாது. வாசலில் நிற்பவரிடம் சொல்லலாம். அவரது பட்டியலில் அதற்கும் ஒரு குறி உண்டு. அதை இட்டுக்கொண்டு, நன்றி கூறி, அவர் அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போகிறார்.