பறக்கும் விமானமும் பறிபோகும் பரக்கத்தும்

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சூதாட்டம் என்றதும் நம் கண்முன் வருவது சீட்டுக்கட்டு, குதிரைப் பந்தயம், லாட்டரிச் சீட்டு இவைதாம். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் இன்று சூது நம்மைத் தேடி நம் வீட்டுக்கே வந்துவிட்டது. முஸல்லாவின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொழுகிறோமே, அந்தச் செல்போனுக்குள்ளேயே அது குடியிருக்கிறது. அதன் ஒரு வகையைப் பற்றி இம்மாதம் விளக்கமாகப் பார்ப்போம். ஏனெனில் இதைச் சூது என்றே அறியாமல், 'இது சாமர்த்தியம்தானே' என்று எண்ணி ஆடுகிற முஸ்லிம் வாலிபர்களும் இருக்கிறார்கள்.

விளையாட்டின் அமைப்பு

திரையிலே ஒரு சிறிய விமானம். அது கிளம்புவதற்குமுன் சில விநாடிகள் அவகாசம் தருவார்கள். அதற்குள் பணத்தைக் கட்ட வேண்டும். விமானம் மேலே ஏறும்போது கூடவே ஓர் எண்ணும் 1-லிருந்து ஏறிக்கொண்டே போகும். ஒன்றரை, இரண்டு, மூன்று, ஐந்து என்று அது வளரும். விமானம் மறைவதற்குமுன் பொத்தானை அழுத்தினால், அந்த நேரத்தில் எண் எத்தனையோ, கட்டிய பணம் அத்தனை மடங்காகக் கிடைக்கும். அழுத்துவதற்குமுன் விமானம் பறந்து போய்விட்டால் கட்டிய பணம் முழுவதும் போய்விடும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்து, உடனே அடுத்த விமானம் தயாராகிவிடும்.

2014 வாக்கில் பிட்காயின் சூதுத் தளங்களில் இவ்வகை ஆட்டம் தலைகாட்டியது. ஸ்பிரைப் என்ற நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'ஏவியேட்டர்' மூலம் அது பல நாடுகளுக்கும் பரவியது. விமானத்துக்குப் பதிலாக ராக்கெட்டை வைத்தும், வேறு படங்களை வைத்தும் பலர் இதே ஆட்டத்தை நடத்துகின்றனர். படம் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றே.

விரலா தீர்மானிக்கிறது?

இந்த ஆட்டத்தில் மயங்கியவர் சொல்லும் வாதம் இது: "லாட்டரியில் என் கையில் ஒன்றும் இல்லை. இதிலோ எப்போது இறங்குவது என்பதை நானே தீர்மானிக்கிறேன். பேராசைப்படாமல் சரியான நேரத்தில் இறங்குபவன் ஜெயிப்பான். ஆகவே இது திறமை, சூதல்ல!"

இந்த வாதம் நிற்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏவியேட்டரில், கட்டப்படும் 100 ரூபாய்க்குச் சராசரியாக 97 ரூபாய் ஆடுவோருக்குத் திரும்பும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. மீதி 3 ரூபாய் நடத்துபவருக்கு. இதன்படி 1000 விமானங்கள் கிளம்பினால் சுமார் 30 விமானங்கள் கிளம்பிய இடத்திலேயே மறைந்துவிடும். இரண்டு மடங்கைத் தொடுபவை சுமார் 485. பத்து மடங்கைத் தொடுபவை சுமார் 97. நூறு மடங்கைத் தொடுபவை பத்துக்கும் சற்றுக் குறைவு.

ஒருவர் ஒவ்வொரு விமானத்துக்கும் 1 ரூபாய் வீதம் 1000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கிலேயே இறங்கிவிடும் எச்சரிக்கைக்காரருக்கு 485 முறை 2 ரூபாய், ஆக 970 ரூபாய் கிடைக்கும். பத்து மடங்கு வரை பொறுத்திருப்பவருக்கு 97 முறை 10 ரூபாய், அதுவும் 970 ரூபாய்தான். நூறு மடங்குக்குக் காத்திருக்கும் துணிச்சல்காரருக்கும் சராசரிக் கணக்கில் வருவது அதே 970! எங்கே இறங்கினாலும் 30 ரூபாய் நஷ்டம் என்றால், 'சரியான நேரம்' என்று ஒன்று எங்கே இருக்கிறது? பொத்தானை அழுத்தும் விரலுக்கு வேலை உண்டு, அதிகாரம் இல்லை.

'நூற்றுக்கு மூன்றுதானே, கடைக்காரன் கமிஷனைவிடக் குறைவுதானே' என்று சிலர் கேட்கலாம். பணம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் மூன்று போகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1000 ரூபாயுடன் உட்கார்ந்து, கையில் உள்ளதையெல்லாம் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருந்தால், சராசரிக் கணக்கில் 25 சுற்றுக்குப்பின் 467 ரூபாய் மிஞ்சும். 50 சுற்றுக்குப்பின் 218. நூறு சுற்றுக்குப்பின் 48 ரூபாய்! நூறு சுற்று ஆட ஒரு மணி நேரம் போதும். இஷாவுக்குப்பின் போர்வைக்குள் தொடங்கினால் தூக்கம் வருமுன்பே ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும்.

இன்னும் சிலர், தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாகக் கட்டினால் என்றாவது ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பிவிடும் என்று உபாயம் சொல்வார்கள். 10 ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து பத்து முறை தோற்றால் 10,230 ரூபாய் போயிருக்கும். பதினோராவது முறை 10,240 கட்ட வேண்டும். அதிலே ஜெயித்தாலும் ஆக மொத்தத்தில் கிடைக்கும் லாபம் 10 ரூபாய்! இரண்டு மடங்குக்கு ஆடுபவருக்கு இப்படிப் பத்துத் தோல்விகள் அடுத்தடுத்து வருவது ஏறக்குறைய 760-ல் ஒரு வாய்ப்பு. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஆடுகிறவருக்கு அந்த நாள் வெகு தூரத்தில் இல்லை.

அம்பும் விமானமும்

'இதில் மோசடி இல்லை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்' என்பது அடுத்த வாதம். ஏவியேட்டரில் நடத்துபவரின் ரகசியக் குறியீடும், அச்சுற்றில் முதலில் பணம் கட்டும் மூவரின் குறியீடுகளும் கலந்து, விமானம் எங்கே மறையும் என்பது அது கிளம்புமுன்பே முடிவாகிவிடுகிறது. சுற்று முடிந்தபின் அதைச் சரிபார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இந்தப் பெருமையே அவர்களுக்கு எதிரான சாட்சி! முடிவு முன்பே பூட்டப்பட்டுவிட்டது என்றால், திரையில் விமானம் ஏறுவது வெறும் காட்சிதானே? 'அடுத்த விமானம் எத்தனை மடங்கு போகும் என்று சொல்லித் தருகிறோம்' என்று டெலிகிராமில் காசு பறிப்பவர்கள் பொய்யர்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கவில்லையா?

இப்போது அறியாமைக் காலத்து அரபிகளின் 'மைஸிர்' எப்படி நடந்தது என்று பாருங்கள். ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகள் வெறுமை. அவற்றை ஒரு பையிலிட்டு, நம்பகமான ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். தொட்டுப் பார்த்து அம்பை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக அவர் கையிலே துணியைச் சுற்றிவிடுவார்கள். கண்காணிக்க வேறொருவரையும் வைப்பார்கள். வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமைப்படுவார்கள். இதிலே சேராதவனைக் கஞ்சன் என்று ஏசுவார்கள்.

சகோதரர்களே, சற்றுச் சிந்தியுங்கள்! அந்தச் சூதிலே மோசடி இல்லை. ஏழைகளின் வயிறும் நிறைந்தது. அப்படியிருந்தும் வல்ல நாயன் அதை அனுமதித்தானா? சூதிலும் மதுவிலும் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று அல்பகரா அத்தியாயம் 219-ம் வசனத்தில் உணர்த்தினான். பின்னர் அல்மாயிதா அத்தியாயம் 90-ம் வசனத்தில் அவற்றை ஷைத்தானின் அசுத்தச் செயல் என்று கூறி, முற்றாக விலகிவிடும்படி ஆணையிட்டான். ஏழைக்கு இறைச்சி தந்த சூதே ஹராம் என்றால், ஏழையின் கையிலிருப்பதைப் பறித்து யாரோ ஒரு முதலாளியின் கணக்கில் சேர்க்கும் சூது எப்படி ஹலாலாகும்? ஒழுங்காக நடத்தப்படுவதால் ஒரு சூது ஹலாலாகிவிடாது. அன்று பையிலிருந்து வந்த அம்புதான் இன்று திரையிலே விமானமாகப் பறக்கிறது.

'வியாபாரத்திலும் லாப நஷ்டம் உண்டே' என்பாரும் உளர். வியாபாரத்திலே சரக்கு கை மாறுகிறது. வாங்கியவருக்கு அரிசியோ துணியோ கிடைக்கிறது. இங்கே கை மாறுவது பணம் மட்டும். ஒருவர் பெற வேண்டுமானால் இன்னொருவர் இழந்தே தீர வேண்டும். யார் பெறுவார், யார் இழப்பார் என்பதோ தற்செயலைப் பொறுத்தது. மார்க்கச் சட்ட மேதைகள் 'கிமார்' என்று சொன்னது இதைத்தான்.

பகைமை எங்கே வருகிறது?

சூதின் மூலம் ஷைத்தான் உங்களிடையே பகைமையையும் வெறுப்பையும் மூட்டவும், இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவும் நாடுகிறான் என்பது அடுத்த வசனத்தின் கருத்து. செல்போனில் எதிராளியே தெரியாதபோது பகைமை எங்கே வருகிறது என்று கேட்கலாம். அது வீட்டுக்குள்ளே வருகிறது! வெளிநாட்டில் அண்ணன் வெயிலில் நின்று அனுப்பிய பணம் எங்கே என்ற கேள்வியில் வருகிறது. தங்கையின் நிக்காஹுக்கு உம்மா சேர்த்து வைத்த நகை அடகுக் கடைக்குப் போனது தெரியும் அன்று வருகிறது. கைமாற்றுக் கொடுத்த நண்பன் வாசலில் வந்து நிற்கும்போது வருகிறது. தொழுகையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 'இந்த ஒரு சுற்று' என்று சொல்லிச் சொல்லியே வக்து கடந்துவிடுகிறது. ஸஃப்பில் நின்றாலும் உள்ளம் விமானத்தோடு பறக்கிறது.

தான் கெடுவது போதாதென்று, சேர்ப்புக் கமிஷனுக்காக நண்பர்களுக்கும் இணைப்பை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வா, சூதாடலாம் என்று தோழனை வாயால் அழைத்தாலே அதற்குப் பரிகாரமாக தர்மம் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. அழைப்புக்கே பரிகாரம் என்றால், அழைத்து ஆடவும் வைத்துக் கூலியும் வாங்குபவரின் நிலை என்ன?

நாட்டுச் சட்டமும் இதைத் தடுத்திருக்கிறது. இணையவழிச் சூதுக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து நடத்துவோர் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். சட்டம் எட்டாத இடத்தில் ஈமான்தான் காவல் நிற்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

மகன் இதில் சிக்கியிருப்பது தெரிந்தால் தெருவறியக் கத்தாதீர்கள். அவமானத்துக்கு அஞ்சி அவன் மேலும் மறைப்பான்; மறைத்த கடனை அடைக்க மேலும் ஆடுவான். தனியே உட்கார வைத்து, எவ்வளவு கடன், யாரிடம் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். ஆப்பை அழிக்கச் சொல்லுங்கள். சம்பளத்தையும் வங்கிக் கணக்கையும் சில காலம் நம்பிக்கையான ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். வாங்கிய கடன் கடன்தான். உழைத்து, தவணையாக அடைக்க வேண்டும். 'விட்டதைப் பிடிக்க இன்னும் ஒரு முறை' என்ற வாசலை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இனிப் பிழைத்திருந்து பயனில்லை என்ற எண்ணம் அவனுக்கு வந்திருப்பதாகத் தோன்றினால் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பது முஃமினுக்கு அழகல்ல என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஜெயித்த பணம் கையில் இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாகாது. உரியவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் சேர்க்க வேண்டும். தெரியாதபோது நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உலமாக்கள் கூறுகின்றனர்.

கோடரியின் பரக்கத்

அன்ஸாரிகளில் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே. அவற்றை வரவழைத்து, அண்ணலார் தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும், மற்றதில் கோடரியும் வாங்கி வரச் சொன்னார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம்மை வந்து காண வேண்டாம் என்றும் கூறினார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். இது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூத் கிரந்தத்தில் வந்துள்ளது.

கணக்கைக் கவனித்தீர்களா? ஒரு திர்ஹத்துக் கோடரி பதினைந்து நாளில் பத்துத் திர்ஹத்தைத் தந்தது. அதுவும் பத்து மடங்குதான்! ஆனால் அந்தப் பத்து மடங்குக்காக யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை. பலர் வீட்டு அடுப்பு எரிந்தது.

சூதைத் தடுக்கும் வசனங்கள் ஒரு கேள்வியோடு முடிகின்றன: இனியேனும் விலகிக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்கிறான் நாயன். அதைச் செவியுற்ற உமர் (ரலி) அவர்கள் 'விலகிக்கொண்டோம்' என்று உடனே மறுமொழி கூறினார்கள். அக்கேள்வி இன்று நம்மையும் நம் பிள்ளைகளையும் நோக்கி நிற்கிறது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன மறுமொழி கூறப்போகிறோம்?

வல்ல நாயன் நம் சந்ததிகளை ஹராமான சம்பாத்தியத்தைவிட்டும் காத்து, ஹலாலான ரிஜ்கில் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.